உயிர் பிழைச்சா மட்டும் போதுமா? ஸ்டெம் செல் மாற்றுக்கு முன்னாடி கொடுக்கிற மருந்தைப் பத்தி ஒரு நீண்ட இழை

1/
"உயிர் பிழைச்சா போதாதா? பிள்ளை குட்டி பத்தியெல்லாம் அப்புறம் யோசிக்கலாம்." சமீபத்துல ஒரு மருத்துவர் கூட்டத்துல ஒரு மூத்தவர் சொன்ன வார்த்தை இது. அரங்கத்துல பாதிப்பேர் தலையாட்டினாங்க. என்னால முடியல. ஏன்னு இந்த இழையில சொல்றேன். நீளம்தான், பொறுமையா படிங்க.

2/
முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். நான் ரத்தவியல் நிபுணர் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சிட்டு தாமிரபரணிக் கரையில ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறவன். ஸ்டெம் செல் மாற்று நான் செய்றதில்ல. ஆனா அதுக்குப் போறதுக்கு முன்னாடியும், போயிட்டு வந்த பிறகும் அந்தப் பிள்ளைங்களைப் பார்க்கிறது என்னை மாதிரி ஆட்கள்தான். அந்த இடத்துல நின்னுதான் பேசுறேன்.

3/
விஷயம் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. நம்ம ரத்தம் முழுக்க எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையில உற்பத்தியாகுது. அதுக்கு விதை ஸ்டெம் செல். தலசீமியாவுல விதையிலேயே பிழை. ஏபிளாஸ்டிக் அனீமியாவுல விதையே காலி. ரத்தப் புற்றுநோய்ல களை மண்டிக்கிடக்கு. மூணுக்குமே, தேவைப்படுறவங்களுக்கு, இன்னொருத்தரோட நல்ல விதையைக் கொண்டுவந்து போடறதுதான் ஸ்டெம் செல் மாற்று.

4/
போடறது ரொம்ப சாதாரணமா நடக்கும். ரத்தம் ஏத்துற மாதிரி ஒரு பையில இருந்து நரம்பு வழியா இறங்கும். கத்தியும் இல்ல, தையலும் இல்ல. ஜனங்க இதை "ஆபரேஷன்"னு நினைச்சுப் பயப்படுறாங்க. உண்மையில பயப்பட வேண்டிய பகுதி அதுக்கு முந்தின வாரம்.

5/
நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா இது பிசானத்துக்கு வயலைத் தயார் பண்ற மாதிரி. பழைய தாளும் களையும் கிடக்கிற வயல்ல நாத்தைக் கொண்டுபோய் நட்டா பிடிக்காது. முதல்ல வயலைக் காலி பண்ணணும். உடம்புல அந்த வேலையைச் செய்றதுதான் முன்தயாரிப்பு சிகிச்சை. மருத்துவத்துல கண்டிஷனிங்னு சொல்லுவோம்.

6/
அதுக்கு ரெண்டு நோக்கம். ஒன்னு, பழைய ஸ்டெம் செல்களை அகற்றி புதுசுக்கு இடம் கொடுக்கணும். ரெண்டு, "இது யாரு புதுசா வர்றது"ன்னு அடிச்சு விரட்டப் பார்க்கிற நம்ம எதிர்ப்பு சக்தியைக் கொஞ்ச நாளைக்கு அடக்கி வைக்கணும். ரெண்டுல எது குறைஞ்சாலும் புது விதை பிடிக்காது.

7/
பல பத்தாண்டுகளா இதுக்கு நம்ம கையில இருந்த வழி ஒன்னுதான்: வயலுக்குத் தீ வைக்கிறது. உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு, இல்லாட்டி பஸல்ஃபான் மாதிரி மருந்தை உச்ச அளவுல கொடுக்கிறது. 1990ல இந்தத் துறைக்காக நோபல் பரிசு வாங்கின டொனால் தாமஸ் காலத்துலயிருந்து வந்த வழி. இதால ஆயிரக்கணக்கான உயிர் பிழைச்சிருக்கு. அதை நான் மறுக்கவே இல்ல.

8/
ஆனா தீ களையை மட்டும் பார்த்து எரிக்காது. வாய்லயிருந்து ஆசனவாய் வரைக்கும் உள்தோல் புண்ணாகும். எச்சில் முழுங்க முடியாது. தலைமுடி போகும். கல்லீரலோட நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைச்சு வயிறு வீங்கும். இது முத்தினா உயிரையே எடுக்கும். பஸல்ஃபான் மூளைக்குள்ள போய் வலிப்பு வரவைக்கும்ங்கிறதால அது கொடுக்கும்போதே வலிப்பு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

9/
இது எல்லாத்தையும் தாண்டி வந்த பிள்ளைக்குப் பத்து வருஷம் கழிச்சு ஒரு பில் வருது. பெண் பிள்ளைன்னா சினைப்பை வேலை செய்யாம வயசுக்கு வர்றதே தடைபடலாம். ஆண் பிள்ளைன்னா விந்தணு இல்லாமப் போகலாம். உச்ச அளவு பஸல்ஃபான் வாங்கினவங்கள்ல இது அபூர்வமா நடக்கிறது இல்ல, அடிக்கடி நடக்கிறது.

10/
இப்போ என் கதை. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஒரு அம்மா. பீடி சுத்துறவங்க. மகளுக்குத் தலசீமியா. மாசாமாசம் ரத்தம் ஏத்துறாங்க. அண்ணனோட எச்எல்ஏ பரிசோதனை முழுசாப் பொருந்தியிருச்சு. கூடப்பிறந்தவங்கள்ல ஒருத்தருக்குப் பொருந்துற வாய்ப்பே நாலுல ஒன்னுதான். அந்த அதிர்ஷ்டம் இந்த வீட்டுக்கு அடிச்சது.

11/
ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு அந்தம்மா என்கிட்ட கேட்டாங்க: "சார், அந்த மருந்து போட்டா எம் மவளுக்கு நாளைக்கு வயித்துல ஒரு பிள்ளை நிக்காதுன்னு சொல்லுதாவளே, நெசமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல உயிர்தான முக்கியம்."

12/
ஆமா, அந்த மூத்தவர் சொன்ன அதே வசனம். அதான் என்னால தலையாட்ட முடியல. அந்தப் பதிலோட விலை எனக்குத் தெரியும்.

அந்தம்மா தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. வேலூருக்குப் போகல. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் போகல. "பொண்ணா பிறந்தவளுக்கு அது இல்லேன்னா என்ன வாழ்க்கை"ன்னு வீட்டுல ஒரே பேச்சாம். தப்பான பேச்சுதான். ஆனா அவங்க நேர்மையாக் கேட்ட கேள்விக்கு நேர்மையா ஒரு பதில் என்கிட்ட இல்ல. அந்த இடத்தை ஊர்ப்பேச்சு பிடிச்சுக்கிச்சு.

13/
அந்த ரெண்டு வருஷத்துல உள்ள என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஒரு யூனிட் ரத்தத்துல ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கு. நம்ம உடம்பு ஒரு நாளைக்கு வெளியேத்துறது ஒரு மில்லிகிராம் அளவுதான். மிச்சம் எங்க போகும்? கல்லீரல்ல, இதயத்துல, நாளமில்லாச் சுரப்பிகள்ல படியும். அதை வெளியேத்துற மாத்திரையை ஒழுங்காப் போடலேன்னா கல்லீரல் வீங்கி தழும்பாகும்.

14/
இத்தாலியில பெசாரோ நகரத்துல லூக்காரெல்லி குழு 1990ல வெளியிட்ட கணக்கு ரொம்பப் பிரபலம். மூணு விஷயம் பார்த்தாங்க: கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, இரும்பு நீக்கும் மருந்து ஒழுங்கா எடுத்தாங்களா. மூணுமே நல்லா இருந்த பிள்ளைகள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல பிழைச்சாங்க. மூணுமே மோசமா இருந்தவங்கள்ல பத்துல ஆறு பேர்தான்.

15/
அதாவது அதே நோய், அதே அண்ணன், அதே மருந்து. ஆனா தாமதமாப் போனா அதே மருந்தே ஆளைக் கொல்லும். ஏற்கெனவே இரும்பு ஏறி நொந்துபோன கல்லீரல்ல பஸல்ஃபான் போய் விழுது. என்னோட "அப்புறம் பாத்துக்கலாம்" அந்தப் பிள்ளையைப் பாதுகாப்பான கட்டத்துலயிருந்து ஆபத்தான கட்டத்துக்குத் தள்ளிடுச்சு.

16/
சரி, தீ வைக்கிறதைத் தவிர வேற வழி இருக்கா? இருக்கு. அதுல ஒரு வழியைக் காட்டினவங்க நம்ம வேலூர்க்காரங்க. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

17/
இந்தியாவுல முதல் எலும்பு மஜ்ஜை மாற்று 1983ல மும்பை டாடா மருத்துவமனையில நடந்தது. வேலூர் சிஎம்சியில 1986ல ஆரம்பிச்சாங்க, தலசீமியாவுக்கு. அவங்ககிட்ட வந்த பிள்ளைங்க இத்தாலிப் பிள்ளைங்க மாதிரி இல்ல. வயசு கூடி, இரும்பு ஏறி, கல்லீரல் விலாவுக்குக் கீழ அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல இறங்கி வந்தவங்க நிறைய. நம்ம வறுமை அந்தக் கல்லீரல்ல எழுதியிருந்தது.

18/
பழைய மருந்து முறையில, அப்படி அதிக ஆபத்துல இருந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கல்லீரல் குழாய் அடைப்பு வந்துச்சு. அப்போ அந்தக் குழு பஸல்ஃபானை எடுத்துட்டு ட்ரியோசல்ஃபான்ங்கிற மருந்தை மையமா வச்சு ஒரு முறைக்கு மாறினாங்க. இதுவும் மஜ்ஜையை முழுசாக் காலி பண்ணும். ஆனா கல்லீரலை அந்த அளவுக்கு அடிக்காது.

19/
2013ல வெளியிட்ட முடிவு: அதிக ஆபத்துப் பிரிவுல கல்லீரல் குழாய் அடைப்பு 78 சதவீதத்துலயிருந்து 30 சதவீதமாக் குறைஞ்சது. முன்னாடி நூறுல நாற்பது பேர் அளவுக்குத்தான் பிழைச்ச இடத்துல இப்போ எண்பத்தஞ்சு பேருக்கு மேல. மருந்தோட சேர்த்து, மஜ்ஜைக்குப் பதிலா ரத்தத்துலயிருந்து பிரிச்ச ஸ்டெம் செல்லையும் பயன்படுத்தினாங்க. ஒப்பிட்டதும் தங்களோட பழைய நோயாளிகளோடதான். அதையும் சொல்லிடணும். ஆனாலும் வித்தியாசம் சின்னது இல்ல.

20/
இப்போ ஒரு தேதியைக் கவனிங்க. இதே ட்ரியோசல்ஃபானுக்கு அமெரிக்காவோட எஃப்டிஏ அனுமதி கொடுத்தது 2025 ஜனவரியில. அதுவும் வேற நோய்களுக்கு. பாலாத்தங்கரையில பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிவை வெளியிட்டாச்சு.

அதனால "மென்மையான முறையெல்லாம் பணக்கார நாட்டு ஆடம்பரம்"னு என்கிட்ட யாரும் சொல்லாதீங்க. நம்ம ஏழைப் பிள்ளைங்களோட கல்லீரலைப் பார்த்துதான் இங்க அதுக்கு வழி தேடினாங்க.

21/
இது ஒரு வழி. ரெண்டாவது வழி, அளவைக் குறைக்கிறது. 1990களோட கடைசியில சியாட்டில்லயும் ஜெருசலேம்லயும் இதை முன்னெடுத்தாங்க. யோசனை இதுதான்: பழைய மஜ்ஜையை முழுசா எரிக்க வேண்டாம், புது விதை கால் ஊன்றுற அளவுக்கு எதிர்ப்பை அடக்கினாப் போதும். மிச்சக் களையைப் புது விதையிலயிருந்து வர்ற எதிர்ப்பு சக்தியே பார்த்துக்கும். 12 கிரே கொடுத்த இடத்துல 2 கிரே கதிர்வீச்சு. அறுபது தாண்டினவங்களுக்கும் மாற்று செய்ய முடிஞ்சதுக்கு இதான் காரணம்.

22/
மூணாவது வழி, மாற்று முடிஞ்ச மூணாவது நாலாவது நாள் சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கிறது. பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு வளர்த்தெடுத்தது. பழைய மருந்து, விலை கம்மி. இது வந்த பிறகு அம்மாவோ அப்பாவோ பாதி பொருந்தினாலே, மென்மையான தயாரிப்போட மாற்று செய்ய முடியுது. ஒத்தப் பிள்ளைக் குடும்பம் பெருகிட்ட தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க. பொருந்த அண்ணன் தம்பிக்கு எங்க போறது?

23/
நாலாவது வழிதான் என்னைத் தூங்கவிடாமப் பண்ணினது. ஸ்டெம் செல் மேல சிடி117ங்கிற ஒரு அடையாளம் இருக்கு. அதைப் பார்த்துப் போய் ஒட்டிக்கிற எதிர்ப்புப் புரதத்தை ஊசியாக் கொடுத்தா, பழைய ஸ்டெம் செல் மட்டும் இடத்தைக் காலி பண்ணும். வாயும் குடலும் கல்லீரலும் சினைப்பையும் தீயில மாட்டாது. வயலுக்குத் தீ வைக்காம, ஆள் இறங்கி ஒவ்வொரு களையாப் பிடுங்கற மாதிரி.

24/
ஸ்டான்ஃபோர்டுல 2007ல எலியில காட்டினாங்க. 2025ல மனுசப் பிள்ளைங்கள்ல முடிவு வந்தது. ஃபேன்கோனி அனீமியாங்கிற மரபுநோய் உள்ள மூணு குழந்தைங்க. இவங்க உடம்புக்கு டிஎன்ஏ சேதத்தைச் சரிபண்ணத் தெரியாது, அதனால கதிர்வீச்சும் பஸல்ஃபானும் மத்தவங்களை விட இவங்களுக்குப் பல மடங்கு ஆபத்து. ரெண்டுமே இல்லாம, ஒரே ஒரு டோஸ் எதிர்ப்புப் புரதத்தோட மாற்று செஞ்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சும் மூணு பேரும் நல்லா இருக்காங்க.

25/
குதிக்க வேண்டாம். மூணே மூணு குழந்தைங்க. எதிர்ப்பு சக்தியை அடக்குற மத்த மருந்துகளும் கொடுத்துதான் செஞ்சாங்க. பெரிய ஆய்வுகள் வரணும். நாளைக்கே பாளையங்கோட்டையில கிடைக்கும்னு நான் சொல்லல. ஆனா "வேற வழியே கிடையாது, தீதான்"னு சொன்ன காலம் முடிஞ்சிருச்சு.

26/
இன்னொரு விஷயம். மரபணு சிகிச்சை வந்துட்டா இந்தப் பிரச்சினையே இருக்காதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. 2023 கடைசியில பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதிச்ச கேஸ்ஜெவிக்கு விலை 22 லட்சம் டாலர். ரூபாய் இல்ல, டாலர். நோயாளியோட சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறாங்க. ஆனா திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்ன தெரியுமா? அதே பஸல்ஃபான்!

27/
வேலூர்லயும் ஹீமோஃபிலியா ஏ உள்ள அஞ்சு பேருக்கு அவங்க சொந்த ஸ்டெம் செல்லுல மரபணு சேர்த்துக் கொடுத்த முடிவு 2024 டிசம்பர்ல வெளியாச்சு. பெருமைப்பட வேண்டிய வேலை. அவங்களும் மஜ்ஜையைக் காலி பண்ற மருந்து வாங்கிட்டுத்தான் அந்த வாசலுக்குள்ள போனாங்க. ஆக எவ்வளவு நவீனமா போனாலும் வாசல் இது ஒன்னுதான். வாசலை அகலமாக்காம வீட்டை மட்டும் பெருசாக்கிப் பிரயோஜனம் இல்ல.

28/
எதிர்த்தரப்போட நியாயத்தையும் சொல்லணும், இல்லேன்னா நான் பண்றது பிரச்சாரம் ஆயிடும். ரத்தப் புற்றுநோய்ல மென்மை எப்பவும் நல்லது இல்ல. அமெரிக்காவுல 272 பேர்கிட்ட நடந்த ஆய்வு, 2017ல வெளியாச்சு. தீவிர முறையில சிகிச்சையாலேயே இறந்தவங்க ஏறக்குறைய 16 சதவீதம், மென்மையான முறையில 4 சதவீதம். இதைப் பார்த்தா மென்மை ஜெயிச்ச மாதிரி இருக்கும்.

29/
ஆனா ஒன்றரை வருஷத்துல நோய் திரும்பினவங்க? தீவிர முறையில 13.5 சதவீதம். மென்மையான முறையில 48 சதவீதம். மொத்தத்துல உயிரோட இருந்தவங்களும் தீவிர முறையிலதான் கூட. ஆய்வையே பாதியில நிறுத்த வேண்டி வந்துச்சு. களை விஷக்களையா இருந்து, உடம்பும் தாங்கும்னா, சில வயலுக்குத் தீ வச்சுதான் ஆகணும். அதை நிபுணர் முடிவு பண்ணட்டும்.

30/
அதனால, "பாத்தியா, கீமோ விஷம்னு டாக்டரே சொல்லிட்டாரு"ன்னு இதைத் திரிச்சு மூலிகைப் பொடி விக்கக் கிளம்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. என் இழையைத் தொடாதீங்க. தலசீமியாவைப் பொடி குணப்படுத்தாது. நீங்க திருப்பி அனுப்புற ஒவ்வொரு மாசமும் ஒரு கல்லீரல்ல இரும்பு ஏறிக்கிட்டு இருக்கு.

31/
என் சண்டை தீவிர சிகிச்சையோட இல்ல. "உயிர் பிழைச்சா போதும், மத்தது அப்புறம்"ங்கிற மனப்பான்மையோடதான். புற்றுநோய் இல்லாத தலசீமியாப் பிள்ளைக்கும் ஏபிளாஸ்டிக் அனீமியாப் பிள்ளைக்கும் எரிக்க எந்தக் களையும் இல்ல. இடம் கிடைச்சாப் போதும். அங்க தேவைக்கு மேல வைக்கிற ஒவ்வொரு தீக்குச்சிக்கும் நாம பதில் சொல்லணும்.

32/
"செலவு கூடுமே"ங்கிறாங்க. மருந்துச் சீட்டுல இருக்கிற விலையை மட்டும் பார்த்தா கூடலாம். கல்லீரல் அடைச்சு தீவிர சிகிச்சைப் பிரிவுல கிடக்கிற நாளுக்கு யார் கணக்கு எழுதுறது? வாய்ப்புண்ணால நரம்பு வழியா ஊட்டுற சத்துக்கு? வேலூர்ல லாட்ஜ் ரூம்ல ஸ்டவ் வச்சு சமைச்சுக்கிட்டு நூறு நாள் உட்கார்ந்திருக்கிற அம்மா சுத்தாத பீடிக்கு? பின்னாடி வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரைக்கு? இதெல்லாம் சேர்த்துப் போடுங்க, அப்புறம் பேசலாம்.

33/
இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். மென்மையான தயாரிப்பு வேலூர்ல ஆரம்பிக்கிறது இல்ல. வி.கே.புரத்துல, அம்பாசமுத்திரத்துல, நம்மகிட்டதான் ஆரம்பிக்குது. உடம்பு எவ்வளவு கெட்டுப்போயி அங்க போய்ச் சேருதோ, அந்த அளவுக்கு அவங்களுக்கு வழி குறையுது. அதைத் தீர்மானிக்கிறது அங்க இருக்கிற பேராசிரியர் இல்ல. இங்க ஓபி சீட்டு எழுதுற நாம.

34/
என் சக மருத்துவர்களுக்கு:
ஒன்னு, ஏபிளாஸ்டிக் அனீமியான்னு சந்தேகம் வந்தா அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க ரத்தத்தை அந்த நோயாளிக்கே ஏத்தாதீங்க. நாளைக்குத் தானம் கொடுக்கப் போறவங்களுக்கு எதிராவே உடம்பு இன்னைக்குப் பழகிடும். அப்புறம் விதை பிடிக்காது, அதைப் பிடிக்க வைக்க இன்னும் கடுமையான மருந்து வேண்டிவரும். குடும்பம் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், அது வேற யாருக்காவது போகட்டும்.

35/
ரெண்டு, முடிஞ்ச வரைக்கும் வெள்ளணு வடிகட்டின ரத்தம் கேளுங்க. மூணு, இரும்பு நீக்கும் மாத்திரை ஒழுங்காப் போகுதான்னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க, பெரிட்டின் பாருங்க. நாலு, தலசீமியா உறுதியானா பிள்ளைக்கு அஞ்சாறு வயசு ஆகிறதுக்குள்ள குடும்பத்துக்கு எச்எல்ஏ பார்க்கச் சொல்லுங்க. "வடநாட்டு நோய்"னு நினைக்காதீங்க. தர்மபுரி, சேலம் பக்கம் போய்ப் பாருங்க.

36/
குடும்பங்களுக்கு: மாற்று சிகிச்சைன்னு சொன்னா இந்தக் கேள்விகளைக் கேளுங்க. கேக்கிறது உங்க உரிமை.
எந்த மருந்து கொடுக்கப் போறீங்க? இதை விட மென்மையான முறை என் பிள்ளைக்குப் பொருந்துமா? பொருந்தாதுன்னா ஏன்? பின்னாடி குழந்தைப்பேறு பாதிக்குமா? முன்கூட்டியே ஏதாவது எடுத்துச் சேமிக்க முடியுமா?

37/
கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வயசுக்கு வந்த பையன்னா மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விந்தணுவைச் சேமிச்சு வைக்கலாம். ஒரு சில நாள் வேலை. வயசுக்கு வந்த பெண்ணுக்கு முட்டை சேமிப்பு, சின்னப் பெண்ணுக்குச் சினைப்பைத் திசுவைச் சேமிக்கிற முறை, சில மையங்கள்ல இருக்கு. மருந்து ஏறின பிறகு கேட்டா யாராலும் ஒன்னும் பண்ண முடியாது. கூச்சப்பட்டுக் கேக்காம விட்டதால போன வாய்ப்பு எத்தனையோ.

38/
பணம்னு சொல்லி முடங்கிடாதீங்க. கோல் இந்தியா நிறுவனத்தோட தலசீமியா பால் சேவா யோஜனா 2017லயிருந்து இருக்கு. தகுதியுள்ள, பொருத்தமான தானம் கிடைக்கிற பிள்ளைக்குப் பத்து லட்சம் வரை தர்றாங்க. நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் கேளுங்க. வீட்டுல யாரும் பொருந்தலேன்னா சென்னையில 2009ல தொடங்கின தாத்ரி மாதிரி தானப் பதிவேடுகள் இருக்கு. ஆரோக்கியமா இருக்கிற இளைஞர்கள் அங்க போய்ப் பதிவு பண்ணுங்க. கன்னத்துல பஞ்சு வச்சுத் துடைக்கிறது, அவ்வளவுதான் பரிசோதனை.

39/
அரசுக்கு, அரசு ஊழியனாவே கேக்கிறேன்: மாற்று சிகிச்சைக்குத் தொகை நிர்ணயிக்கும்போது எந்த முன்தயாரிப்பு மருந்துங்கிறதையும் கணக்குல எடுங்க. குழந்தைப்பேறு சேமிப்பை அதோட சேருங்க, தனிச்செலவுன்னு ஒதுக்காதீங்க. இரும்பு நீக்கும் மாத்திரை வட்டார மருத்துவமனை வரைக்கும் தட்டுப்பாடில்லாம வரட்டும். வடிகட்டின ரத்தம் மாவட்டத் தலைநகரோட நிக்க வேண்டாம். இதுல எதுவும் ஆராய்ச்சிக்கூட வேலை இல்ல. நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

40/
பத்து நாளைக்கு முன்னாடி அந்தம்மா திரும்ப வந்தாங்க. பிள்ளை கல்லீரல் கைக்கு நல்லாத் தட்டுப்படுது. இந்தத் தடவை உட்கார வச்சு முழுசாப் பேசினேன். என்ன மருந்து, ஏன், எது பாதிக்கும். ட்ரியோசல்ஃபான்ல சினைப்பைக்குச் சேதம் குறைவா இருக்கலாம்னு ஆரம்ப ஆய்வுகள் சொல்றதையும், அதுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாதுங்கிறதையும் சேர்த்தே சொன்னேன்.

41/
ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அப்பவே கெளம்பியிருப்பேம்லா சார்?"

என்கிட்ட பதில் இல்ல. இப்போ அம்மா, மகள், அண்ணன் மூணு பேரும் வேலூர்ல இருக்காங்க. பரிசோதனை நடக்குது. என்ன ஆகும்னு தெரியாது. தெரிஞ்சா சொல்றேன்.

42/
அந்த மூத்த மருத்துவருக்கு மரியாதையோட ஒன்னு. அய்யா, உயிரை முதல்ல பார்க்கணும்கிறதுல நமக்குள்ள சண்டையே இல்ல. ஆனா அந்த உயிர் அடுத்த அறுபது வருஷம் எப்படி வாழும்னு யோசிக்கிறதும் வைத்தியம்தான். அதைப் பேச மறுத்தா, முதல்ல பார்க்க வேண்டிய உயிரே நம்மகிட்ட வந்து சேராது. எனக்கு இதைக் கத்துக்கொடுத்தது ஒரு பீடி சுத்துற அம்மா.

முடிஞ்சது. தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா உள்ள பிள்ளை யார் வீட்டுலயாவது இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. குறிப்பா 36வது பதிவை.